அக்காவின் ரிவர்ஸ் கியர்

எங்கள் அக்கா தண்ணீர் லாரி ஓட்டுபவள். இதைச் சொன்னதும் எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: "பயமா இருக்காதா?" பயமெல்லாம் எங்களுக்குத்தான். முன்னால் போகிற வரைக்கும் அவளுக்கு எதிலும் பயம் கிடையாது. பின்னால் வருவதில்தான் சிக்கல் இருந்தது. அந்தச் சிக்கல் எங்கிருந்து வந்தது என்று அவளிடம் கேட்டால் இரண்டு வரியில் முடித்துவிடுவாள். எனக்கு அது போதாது. பள்ளி முடித்துவிட்டு அடுத்து என்ன என்று தெரியாமல் வீட்டுக்கும் வாசலுக்கும் நடந்துகொண்டிருக்கிற இந்த நாட்களில், அதை உட்கார்ந்து எழுதிவிடலாம் என்று நினைத்தேன்.

முதலில் எங்கள் சந்து எப்படி என்று சொல்ல வேண்டும். அது தெரியாவிட்டால் மற்றது புரியாது. எங்கள் வீடு ஒரு முட்டுச் சந்தின் கடைசியில் இருக்கிறது. நுழையும் இடத்தில் ஒரு பக்கம் சாக்கடை, ஆங்காங்கே சிமெண்ட் பலகை போட்டு மூடியது. மறுபக்கம் ஒரு மின்கம்பம், குடித்துவிட்டு நிற்கிறவரைப் போல் கொஞ்சம் சாய்ந்திருக்கும். இரண்டுக்கும் நடுவில் லாரி நுழைந்தால் ஒரு சாண் மிஞ்சினால் பெரிது. லாரி நிற்பது வீட்டை ஒட்டிய காலி மனையில். உள்ளே வந்து திருப்ப இடமில்லாததால், மெயின் ரோட்டிலிருந்தே பின்பக்கமாகத்தான் கொண்டுவர வேண்டும். முதுகில் அத்தனை பெரிய டேங்கைச் சுமந்துகொண்டு வருகிற வண்டிக்குப் பின்புறம் ஒன்றும் தெரியாது. பக்கத்துக்கு ஒரு கண்ணாடி, அவ்வளவுதான் கண்.

அப்பா அந்தச் சந்தில் லாரியைக் கொண்டுவருவதை வேடிக்கை பார்க்கவே ஆள் நிற்கும். யாரும் பின்னால் நின்று குரல் கொடுக்கக் கூடாது. கொடுத்தால் கோபம் வந்துவிடும். "எனக்கு முதுகுல ரெண்டு கண்ணு இருக்கு, நீங்க ஓரமா போங்க" என்பார். ஒரு கை ஸ்டியரிங்கில், இன்னொரு கை ஜன்னலுக்கு வெளியே தொங்கும். ஒரே மூச்சில் உள்ளே வந்து நிற்கும் லாரி. முன்னறையில் பள்ளிச் சீருடைகள் தைத்துக்கொண்டிருக்கும் அம்மா மெஷினை விட்டுக் காலை எடுக்காமலே, "வந்துட்டாரு ராஜா" என்பாள்.

நான் ஆறாம் வகுப்பில் இருந்தபோது அது நின்றது. காலையில் முகத்துக்குச் சோப்பு தடவிச் சவரம் செய்துகொண்டிருந்தார் அப்பா. கையிலிருந்து கத்தி நழுவி வாளிக்குள் விழுந்தது. எடுக்கக் குனிந்தவர் நிமிரவில்லை. பாதி முகம் நுரையோடு உட்கார்ந்திருந்தவரைப் பார்த்து, விளையாடுகிறார் என்று நினைத்து அம்மா சிரித்தாள். அந்தச் சிரிப்பை நினைத்து அவள் அப்புறம் எத்தனையோ முறை அழுதிருக்கிறாள். மருத்துவமனையிலிருந்து திரும்பி வந்த அப்பாவுக்கு வலது கையும் வலது காலும் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. பேச்சும் போய்விட்டது. மிஞ்சியது ஒரே ஒரு சொல். "அதான்."

தண்ணீர் வேண்டுமென்றால் "அதான்." வேண்டாமென்றாலும் "அதான்." கோபம் வந்தால் கைத்தடியைத் தரையில் தட்டி "அதான் அதான்!" எது எந்த அதான் என்று முகத்தைப் பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். பேச்சுப் பயிற்சி கொடுக்க ஒரு அம்மா வந்தார். படம் போட்ட அட்டைகளை ஒவ்வொன்றாகக் காட்டுவார். நாய். "அதான்." நாற்காலி. "அதான்." கப்பல். அப்பா ரொம்ப நேரம் யோசித்து, நெற்றியெல்லாம் வியர்த்து, "அதான்." நான் ஒரு நாள் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். திட்டுவார் என்று பயந்தேன். அப்பாவும் சிரித்தார். பயிற்சி அம்மாவும் சிரித்துவிட்டு, "எது தானா வருதோ அதைப் புடிச்சுக்கோங்க. மத்தது அதுக்குப் பின்னாடியே வரும்" என்று சொல்லிப் போனார். அப்போது அது எங்களுக்குச் சமாதானத்துக்குச் சொன்ன பேச்சாகத்தான் பட்டது.

வீட்டில் ஒருவர் பேச்சு நின்றால் மற்றவர்கள் மாறிப்போவார்கள் என்பதை நான் அப்போதுதான் பார்த்தேன். நான் வாயாடியானேன். அந்த அமைதி எனக்குப் பிடிக்கவில்லை, அதை நிரப்பிக்கொண்டே இருந்தேன். அம்மா தையல் மெஷினை முன்னைவிட வேகமாக ஓட்டினாள். அக்கா கல்லூரியை விட்டு நின்றுவிட்டாள். அவளை யாரும் நிற்கச் சொல்லவில்லை. ஒரு நாள் கல்லூரிப் பையை எடுத்து ஆணியில் மாட்டினாள், அப்புறம் அதை எடுக்கவே இல்லை.

லாரிக்கு ஒரு ஓட்டுநரை வைத்தோம். அவர் நல்லவர்தான், ஆனால் எங்கள் சந்துக்கும் அவருக்கும் ஆகாது. ஒரே ஒரு முறை உள்ளே கொண்டுவரப் பார்த்தார், சாக்கடைப் பலகை இரண்டு உடைந்தது. அப்புறம் மெயின் ரோட்டிலேயே நிறுத்திவிட்டுப் போவார். காலையில் பார்த்தால் டீசல் குறைந்திருக்கும். "லாரியை வித்துடலாம்" என்றாள் அம்மா. அப்பா கைத்தடியால் தரையை அடித்த அடியில் மெஷின் மேலிருந்த நூல்கண்டுகள் உருண்டு விழுந்தன. "அதான்! அதான்!"

அக்கா கீழே உட்கார்ந்து நூல்கண்டுகளைப் பொறுக்கிக்கொண்டே, "நான் ஓட்டறேன்" என்றாள்.

"எதை?" என்றாள் அம்மா.

"மெஷினையா சொல்றேன்? லாரியை."

சந்து முனையில் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கும் ஸ்பானர் மாமா எங்களுக்கு உறவெல்லாம் இல்லை. எல்லோருக்கும் அவர் மாமா. தச்சர் காதில் பென்சில் வைப்பது போல் சட்டைப் பையில் எப்போதும் ஒரு ஸ்பானர். அவர்தான் அக்காவை ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் சேர்த்துவிட்டார். அப்பா எதுவும் சொல்லிக் கொடுக்கவில்லை. சொல்ல வாயில்லை என்பது ஒரு பக்கம். சொல்ல மனமுமில்லை. அக்கா உரிமம் வாங்கி வந்து காட்டியபோது முகத்தைத் திருப்பிக்கொண்டார். லாரி சாவியை ஆணியிலிருந்து எடுத்தபோது எழுந்து உள்ளே போய்விட்டார். தன் இடத்தில் இன்னொருவர் உட்காருவதைப் பார்க்க யாருக்குத்தான் பிடிக்கும், அது தன் மகளே ஆனாலும்?

முதல் நாள் வேலை முடித்து, மாலையில் அக்கா லாரியைச் சந்து முனைக்குக் கொண்டுவந்தாள். நானும் அம்மாவும் வழியில் நின்ற ஸ்கூட்டர்களை எல்லாம் ஓரம் கட்டிவிட்டு வாசலில் நின்றோம். அப்பா வாசற்படியில் எங்களுக்கு முதுகைக் காட்டி, சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். லாரி மெதுவாகப் பின்னால் வந்தது. டேங்கின் பின்குழாயிலிருந்து தண்ணீர் சொட்டிச் சொட்டி வழியெல்லாம் ஒரு கோடு. கோடு நேராக இல்லை என்பது எனக்குத் தெரிந்தது. லாரி மின்கம்பத்தை நோக்கித்தான் வந்துகொண்டிருந்தது. கத்த வேண்டும். அத்தனை வாயாடியான எனக்குக் குரலே வரவில்லை. அம்மா வாயைத் திறந்தபடி நின்றாள்.

"ஹோல்டு!"

லாரி குலுங்கி நின்றது. யார் கத்தியது என்று அக்கா ஜன்னலில் தலையை நீட்டிப் பார்த்தாள். அப்பா எழுந்து நின்றுகொண்டிருந்தார். தடியை ஊன்றி, காலை இழுத்து இழுத்து லாரிக்குப் பின்னால் வந்தார். தடியோடு இடது கையைத் தூக்கினார்.

"முன்... முன்னாடி போ. ஹோல்டு. இப்ப ஒடி. ஒடிச்சு வா. வா... வா... வா... நேராக்கு. வா. ஹோல்டு!"

லாரி காலி மனைக்குள் வந்து நின்றது. அம்மா சேலைத் தலைப்பை வாயில் வைத்து அழுதாள். நானும் அழுதேன். அக்கா கீழே குதித்து வந்து எங்களைப் பார்த்துவிட்டு, "எதுக்கு இப்ப ஆளாளுக்கு அழறீங்க? அதான் இடிக்கலையே!" என்றாள். சொன்ன பிறகுதான் அவளுக்கும் புரிந்தது. அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள். அப்பாவும் தன் வாயைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார், அது தன்னுடையதுதானா என்பது போல.

அன்றிலிருந்து அது வழக்கமாகிவிட்டது. மாலையில் சந்து முனையில் ஹாரன் சத்தம் கேட்டதும் அப்பா தடியை எடுத்துக்கொண்டு கிளம்புவார். அந்த நேரத்துக்காகவே சட்டை மாற்றிக்கொள்வார். ஓட்டியவருக்குத்தான் இந்தச் சொற்கள் எவ்வளவு உள்ளே போய் உட்கார்ந்திருக்கும் என்று தெரியும். மற்றவையெல்லாம் கரைந்த பிறகும் அவை கரையவில்லை. பிறகு லாரிச் சொற்கள் மெல்ல வீட்டுக்குள்ளும் வரத் தொடங்கின. அம்மா டம்ளரில் டீ ஊற்றும்போது, "வா... வா... ஹோல்டு" என்பார். நான் தலைவாரிக்கொண்டு கண்ணாடி முன் நின்றால், ஸ்டியரிங்கைத் திருப்பச் சொல்வது போல், "ஒடி!" என்று தடியால் தள்ளிவிடுவார். வகிடு கோணலாக இருந்தால் "நேராக்கு." பக்கத்து வீட்டுக்காரர் வந்து நெடுநேரம் பேசிக்கொண்டே இருந்தால், அவர் முகத்துக்கு நேராகவே, "ரிவர்ஸ்."

"இவருக்குப் பேச்சு வந்ததுக்குப் பதிலா லாரிக்கே வந்திருக்கலாம்" என்பாள் அம்மா. அவள் முகத்தில் அத்தனை சந்தோஷம்.

அக்கா ஓட்டப் பழகிவிட்டாள். சில மாதங்களிலேயே அந்தச் சந்து அவளுக்கு அத்துப்படியாகிவிட்டது என்று ஸ்பானர் மாமா சொல்வார். ஆனாலும் அப்பா வந்து நிற்காமல் அவள் ரிவர்ஸ் கியர் போட மாட்டாள். வெளியே தண்ணீர் இறக்கும் இடத்திலும் யாரையாவது பின்னால் நிற்கவைத்து வா வா சொல்லச் சொல்வாள். அப்பா மழையில் வரத் தாமதமானால் சந்து முனையிலேயே காத்திருப்பாள். பின்னால் வருகிற வண்டிகள் ஹாரன் அடிக்கும், அசைய மாட்டாள். சில நாள் வேண்டுமென்றே தப்பாகத் திருப்புவாள். அப்பா பதறிப் போய், "அந்தப் பக்கம் இல்ல, வலது, வலது!" என்று புதிதாக ஒரு சொல்லைத் தேடி எடுப்பார். அக்கா கண்ணாடியில் பார்த்துச் சிரித்துக்கொள்வாள். சந்து முனையில் ஏறிக்கொண்டு அவளுக்கு அடுத்த இருக்கையில் உட்கார்ந்திருக்கும் எனக்கு மட்டும் அது தெரியும். நான் யாரிடமும் சொன்னதில்லை. வாயாடிக்கும் சில விஷயத்தில் வாய் இறுகும்.

இப்படியே வருடங்கள் ஓடின. ஊருக்குப் புதிதாகக் குழாய் போட ஆரம்பித்தார்கள். ஒவ்வொரு தெருவாகக் குழாயில் தண்ணீர் வர வர, லாரியைக் கூப்பிடுகிறவர்கள் குறைந்துபோனார்கள். லாரிக்கும் வயதாகிவிட்டது, ஒரு நாள் ஓடினால் இரண்டு நாள் ஸ்பானர் மாமாவிடம் படுத்துக்கொள்ளும். அப்போதுதான் நகரப் பேருந்துக்கு ஓட்டுநர் எடுக்கிறார்கள் என்று செய்தி வந்தது. நிரந்தர வேலை. வீட்டில் எல்லோருக்கும் மருத்துவம் பார்ப்பார்கள். அப்பாவின் மாத்திரைகளுக்கு ஒவ்வொரு மாதமும் அம்மா மெஷினிடம் கெஞ்ச வேண்டியதில்லை. எழுத்துத் தேர்வில் அக்கா சுலபமாகத் தேறினாள். ஓட்டிக்காட்டும் தேர்வு பாக்கி. அதற்கு இரண்டு வாய்ப்பு கொடுப்பார்கள். இரண்டும் போனால் அவ்வளவுதான். மறுபடி ஆள் எடுக்க எத்தனை வருடம் ஆகுமோ, யாருக்கும் தெரியாது.

முதல் தேர்வுக்கு நான்தான் துணைக்குப் போனேன். பெரிய மைதானம். நடுவில் ஒரு பழைய பேருந்து. அக்கா வளைவிலெல்லாம் அழகாக ஓட்டினாள், மேட்டில் நிறுத்தி எடுத்தாள், வண்டி ஒரு அங்குலம்கூட வழுக்கவில்லை. கடைசியாக, கம்பங்கள் நட்டு வைத்த இடத்துக்குள் பேருந்தைப் பின்பக்கமாகக் கொண்டுவந்து நிறுத்த வேண்டும். ரிவர்ஸ் கியர் விழுந்த சத்தம் கேட்டது. பேருந்து அசையவில்லை. அக்கா ஜன்னலில் தலையை நீட்டிப் பின்னால் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

தேர்வு வைக்கும் அதிகாரி கூப்பிட்டார். "என்னம்மா, வண்டி தூங்குதா, நீ தூங்கறியா?"

"பின்னாடி யாராவது நின்னு சொல்லுங்க சார்."

"என்ன சொல்லணும்?"

"வா வான்னு..."

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். "நாளைக்கு ரோட்டுல இறங்கினா பயணிங்களை இறக்கி விட்டு வா வான்னு சொல்லச் சொல்லுவியா?" என்றார் அதிகாரி. அவர் கெட்டவராகச் சொல்லவில்லை, சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அக்கா தலையை உள்ளே இழுத்துக்கொண்டு பேருந்தைப் பின்னால் விட்டாள். கொஞ்ச தூரம் வந்தாள், நின்றாள். மறுபடி வந்தாள், நின்றாள். கடைசியில் ஒரு கம்பம் சாய்ந்தது. அதைப் பார்க்க எனக்கு எங்கள் சந்து மின்கம்பம் ஞாபகம் வந்தது.

திரும்பி வரும்போது பேருந்தில் ஜன்னலோரம் உட்கார்ந்து அக்கா சொன்னாள். "கண்ணாடியில எல்லாம் தெரியுதுடி. கம்பம், கோடு, எல்லாம். ஆனா காது காத்துக்கிட்டே இருக்கு. குரல் வரலைன்னா கால் பிரேக்கை விட்டு வரமாட்டேங்குது. அப்பாகிட்ட சொல்லாதே."

நான் அப்பாவிடம் சொல்லவில்லை. அம்மாவிடம் சொன்னேன். எங்கள் வீட்டின் நீளத்துக்கு, அம்மாவிடம் சொல்வதும் அப்பாவிடம் சொல்வதும் ஒன்றுதான். உள்ளறையில் கட்டிலில் படுத்திருந்த அப்பா எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார்.

அன்று இரவு அம்மா டீ ஊற்றியபோது அவர் "ஹோல்டு" சொல்லவில்லை. டீ வழிந்து தரையில் ஓடியது. "போதுமா, வேணுமா, வாயைத் திறந்து சொல்லுங்களேன்" என்றாள் அம்மா.

"அதான்" என்றார் அப்பா.

அம்மா துணியை எடுத்துத் தரையைத் துடைத்தாள். மறுநாளும் அதான். தன் குரல்தான் மகளின் காலைக் கட்டிப்போட்டது என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. அந்தக் குரலையே அவர் திரும்ப உள்ளே போட்டுப் பூட்டிக்கொண்டார். அவ்வளவு பாடுபட்டு வந்த பேச்சு ஒரே நாளில் போய்விடுமோ என்று எனக்குப் பயம். அக்கா என்னைப் பார்த்த பார்வையில் நான் சமையலறைக்குப் போய் நின்றுகொண்டேன்.

மாலையில் சந்து முனையில் ஹாரன் சத்தம். அப்பா போகமாட்டார் என்று நினைத்தோம். எழுந்தார், சட்டை மாற்றினார், தடியை எடுத்தார். காலி மனை ஓரத்தில் எப்போதும் நிற்கும் இடத்தில் போய் நின்றார். நின்று, வாயைத் திறக்கவில்லை.

"அப்பா, வரட்டுமா?" என்று அங்கிருந்து கத்தினாள் அக்கா.

அப்பா தலையை மட்டும் ஆட்டினார். டேங்குக்குப் பின்னால் ஆட்டும் தலை அவளுக்கு எப்படித் தெரியும்?

"சொல்லுங்கப்பா!"

மெயின் ரோட்டில் வண்டிகள் சேர ஆரம்பித்தன. ஒரு ஆட்டோக்காரர், "ஏம்மா, லாரியை வச்சுக் குடும்பம் நடத்தறியா?" என்று கேட்டார். உண்மையில் அதைத்தான் நடத்திக்கொண்டிருந்தோம். அக்கா இன்ஜினை நிறுத்தாமல் இறங்கி ஓடி வந்தாள். முகம் சிவந்திருந்தது.

"என்னப்பா இது? ஏன் பேசமாட்டேங்கறீங்க?"

அப்பா தன்னைக் காட்டி, லாரியைக் காட்டி, கையை வேண்டாமென்று ஆட்டினார்.

"தேர்வு போனா போகட்டும். எனக்கு லாரியே போதும். நான் எதுக்கு இத்தனை வருஷம் இங்க நின்னேன்னு நினைக்கிறீங்க? எனக்குத் தெரியாதா இந்தச் சந்து? கண்ணை மூடிக்கிட்டு வருவேன். நீங்க பேசணும்னுதான் நின்னேன். நான் நிக்கலைன்னா நீங்க பேசமாட்டீங்க!"

சொல்லிவிட்டு அவளே கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். இதை அவள் இவ்வளவு வருடமாக யாரிடமும் சொன்னதில்லை. அம்மா வாசலில் கையில் பாதித் தைத்த சட்டையோடு நின்றாள்.

அப்பாவின் தாடை அசைந்தது. அட்டையில் கப்பலைப் பார்த்த அன்றைக்கு வியர்த்தது போல் நெற்றி வியர்த்தது. யாரும் உதவிக்குப் போகவில்லை, ஒரு எழுத்துகூட எடுத்துக் கொடுக்கவில்லை. எனக்கு நாக்கு துறுதுறுத்தது, கடித்துக்கொண்டேன்.

"எனக்கு," என்றார். "வேற... பேச்சு... இருக்கு."

அக்கா வாயிலிருந்து கையை எடுத்தாள்.

"நீ... போய்... வண்டியை எடு."

அவள் போனாள். லாரி வந்தது. தயங்கித் தயங்கி, நின்று நின்று, தண்ணீர்க் கோடு பாம்பு மாதிரி வளைந்து. சாக்கடைப் பலகை ஒன்று உடைந்தது. பக்கத்து வீட்டுச் சுவரில் சுண்ணாம்பு கொஞ்சம் போனது. ஆனால் யாரும் ஒரு வார்த்தை சொல்லாமல் லாரி மனைக்குள் வந்து நின்றது. பக்கத்து வீட்டுக்காரர் சண்டைக்கு வந்தார். அப்பா அவரைப் பார்த்து "ரிவர்ஸ்" என்றார், அவர் போய்விட்டார்.

அதற்கப்புறம் தினமும் மாலையில் பயிற்சி. அப்பா அதே இடத்தில் வாயை மூடிக்கொண்டு நிற்பார். அது அவருக்கு எவ்வளவு கஷ்டம் என்று அருகில் நின்று பார்த்த எனக்குத்தான் தெரியும். அந்தச் சொற்கள் அவரைக் கேட்டுக்கொண்டு வருபவை அல்ல, தாமாக வருபவை. லாரி கொஞ்சம் சாய்ந்தாலே தொண்டை ஏறி இறங்கும். ஒரு நாள் "ஹோ..." என்று பாதி வெளியே வந்துவிட்டது. அன்றிலிருந்து இடது கையால் வாயைப் பொத்திக்கொண்டார். தடியைப் பிடிக்கக் கை இல்லாததால் நான் தோள் கொடுக்க வேண்டியிருந்தது.

"நல்ல கூத்து," என்றாள் அம்மா. "வாயைத் திறக்க வைக்கறதுக்கு அஞ்சாறு வருஷம் பாடுபட்டோம். இப்ப மூட வைக்கறதுக்கு ஒரு பாடு."

இரண்டாவது தேர்வுக்கு எல்லோரும் போனோம். அக்கா வேண்டாம் என்றாள், யாரும் கேட்கவில்லை. ஸ்பானர் மாமா தன் வேனில் ஏற்றிக்கொண்டார். வழியெல்லாம் அவர் பேசினார், நான் பேசினேன், அக்கா வேனின் பக்கக் கண்ணாடியையே பார்த்துக்கொண்டு வந்தாள். மைதானத்தைச் சுற்றிக் கம்பி வேலி. உள்ளே எங்களை விடவில்லை. கம்பங்கள் நட்ட இடத்துக்கு நேர் பின்னால் வேலியோரம் போய் நின்றோம். அப்பாதான் அந்த இடத்தைக் காட்டினார். பின்னால் நிற்பவர் எங்கே நிற்க வேண்டும் என்று அவருக்குத் தெரியாதா?

அதே பேருந்து, அதே அதிகாரி. அவருக்கு அக்காவை ஞாபகம் இருந்தது. "வா வா கேஸா?" என்று அவர் கேட்டது வேலியோரம் நின்ற எங்கள் காதுவரை வந்தது. அக்கா ஏறினாள். வளைவு, மேடு எல்லாம் முடிந்தது. ரிவர்ஸ் கியர் விழுந்தது.

அப்பா தடியை என் கையில் கொடுத்துவிட்டு இடது கையால் வாயைப் பொத்தினார். அம்மா தன் கையை அதன்மேல் வைத்து அழுத்திக்கொண்டாள்.

பேருந்து கொஞ்சம் வந்தது. நின்றது.

முடிந்தது என்று நினைத்தேன். ஜன்னலில் அவள் தலை வெளியே வரும், யாராவது சொல்லுங்கள் என்பாள், எல்லோரும் சிரிப்பார்கள். தலை வெளியே வரவில்லை. பேருந்துக்குள்ளிருந்து ஒரு சத்தம் வந்தது. அக்கா சிரித்துக்கொண்டிருந்தாள்.

அவள் பிறகு சொன்னாள். கண்ணாடியில் இரண்டு கம்பம் தெரிந்ததாம், தரையில் கோடு தெரிந்ததாம். அதற்கும் பின்னால் வேலி. வேலிக்குப் பின்னால், திருடனின் வாயைப் பொத்திப் பிடித்திருப்பது போல் அப்பாவின் வாயை இரண்டு பேர் பொத்திக்கொண்டிருப்பது தெரிந்ததாம். ஒருவர் அவரே. "அதைப் பார்த்ததுக்கப்புறம் காது எதுக்கும் காத்துக்கிட்டிருக்கலைடி" என்றாள்.

"என்னம்மா சிரிப்பு?" என்றார் அதிகாரி.

"ஒண்ணுமில்ல சார்" என்று சொல்லிவிட்டு அவள் பிரேக்கை விட்டாள். பேருந்து வந்தது. ஒரே சீராக, ஒரே மூச்சில், அப்பா சந்துக்குள் கொண்டுவந்தாரே, அது போல வந்தது. இரண்டு கம்பத்துக்கும் நடுவில் அசையாமல் நின்றது. இன்ஜின் அடங்கியது.

அப்போதுதான் அம்மா கையை எடுத்தாள். அப்பாவும் கையை எடுத்தார். அடக்கி வைத்திருந்ததெல்லாம் ஒன்றாகச் சேர்ந்து மைதானமே அதிரும்படி வந்தது.

"ஹோல்டு!"

நின்றுபோன பேருந்தைப் பார்த்துத்தான் சொன்னார். ஸ்பானர் மாமா வேலியைப் பிடித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். அதிகாரி எங்களைத் திரும்பிப் பார்த்தார். அக்காவைப் பார்த்தார். அவருக்குப் புரிந்திருக்கும் என்றுதான் நினைக்கிறேன், ஏனென்றால் கையை உயர்த்தி அப்பாவைப் பார்த்து, "ஹோல்டு பண்ணியாச்சு பெரியவரே, இறங்கச் சொல்லலாமா?" என்று கேட்டார்.

அப்பா பெருந்தன்மையோடு தலையசைத்தார்.

அன்று மாலை லாரி சந்து முனைக்கு வந்தது. பாக்கி இருந்த ஒரு நடை தண்ணீரை அடித்துவிட்டு வந்திருந்தாள் அக்கா. வேலை கிடைத்தாலும் கூப்பிட்டவர் வீட்டுக்குத் தண்ணீர் போக வேண்டுமே. ஹாரன் அடித்தாள். பழக்கம்தான். அப்பா வாசற்படியில் உட்கார்ந்திருந்தார். சட்டை மாற்றவில்லை. தடியையும் எடுக்கவில்லை. குரலை மட்டும் உயர்த்தினார்.

"நீயே வா!"

லாரி வந்து நின்றது. அக்கா கை கழுவிக்கொண்டு வந்து படியில் அப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். உள்ளே மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. அப்பாவின் நெற்றி வியர்ப்பதைப் பார்த்தேன். ஏதோ வருகிறது என்று தெரிந்தது. வாயாடி நான் வாயை மூடிக்கொண்டேன். பேச்சு போனதிலிருந்து அவர் யாரையும் எதுவும் கேட்டதில்லை. சொல்வார், கத்துவார், விரட்டுவார். கேள்வி மட்டும் வந்ததே இல்லை.

"எந்த... ரூட்டு?" என்றார்.

அக்கா அவரைத் திரும்பிப் பார்த்தாள்.

"இன்னும் சொல்லலைப்பா. சொன்னதும் சொல்றேன்."

"நம்ம... ரோடு வழியா... கேளு."

"கேட்டா குடுக்க மாட்டாங்கப்பா."

"கேளு," என்றார் அப்பா. அப்புறம் அம்மாவின் பக்கம் திரும்பி, பேச்சு போன பிறகு முதல் முறையாக, "டீ" என்றார். மெஷின் சத்தம் நின்றது.